சத்தி ரோடும் நின்று நின்று போன ஆம்ப்ளிஃபயரும்

காலை 6.10. காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலம் எழுபது கிலோமீட்டர். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவி சரசுவும் பாட்டுப் போடும் பஸ்ஸாகப் பார்த்து ஏறிப் போன ரோடு. முப்பத்தாறு வருஷம் கழித்துச் சொந்தக் காரில் போகிறோம். சரசுவுக்கு இடது காது போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, ஆசைப்பட்ட பாட்டையெல்லாம் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் போன வாரம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கிக் காரில் மாட்டினேன். "காருக்குங்களா, கல்யாண மண்டபத்துக்குங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

6.55. கோவில்பாளையம் தாண்டியதும் பாட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்துப் போட்டேன், பாடியது. பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. அன்னூர் வருவதற்குள் மூன்று தடவை. கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"ஏனுங்க, பாட்டில்லாட்டிப் போச்சாதுங்க, உடுங்க. காத்து எத்தனை நல்லா அடிக்குது" என்றாள் சரசு.

எனக்கு இன்னும் எரிச்சலானது. இவ்வளவு பாடும் யாருக்காகவாம்?

7.40. புளியம்பட்டி. டீ பன்னிரண்டு ரூபாய். பக்கத்தில் ஒரு கார் எலெக்ட்ரிக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. எலெக்ட்ரீஷியன் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், பேட்டரி வயரை இழுத்துப் பார்த்தார், எர்த் வயரின் போல்ட்டை முறுக்கினார்.

"எல்லாம் சரியாத்தானுங்ணா இருக்குது" என்றவர், முன்சீட்டுக்கடியில் கையை விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இதென்னுங்ணா, உள்ள இட்லி வேக வெச்சிருக்கறீங்களா?"

அவர் உருவியெடுத்தது எங்கள் வீட்டுப் பவானி ஜமுக்காளம். நாலாக மடித்து ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்தியிருந்தது.

"புதுச் சாமான், தூசி படுமேன்னு நாந்தானுங்க மூடிப்போட்டேன்" என்றாள் சரசு.

"சூடு வெளிய போவ வழியில்லீங்கக்கா. சூடேறுனா அதுவே நின்னுக்கும், ஆறுனாப் பாடும்."

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர், மிக்ஸிக்குச் சட்டை. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவர் காசு வாங்கவில்லை.

8.45. சத்தியமங்கலம். அதன்பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. பவானி ஆற்றுப் பாலம் தாண்டி நிழலில் காரை நிறுத்தினேன். அந்தக் காலத்தில் அவளுக்கு உயிரான பாட்டு ஓடியது. அதன் நடுவில் புல்லாங்குழல் வரும். பஸ்ஸில் அது வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் என் கையைக் கிள்ளுவாள். குழல் வந்தது, முடிந்தும் போனது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது காதருகே குனிந்து கேட்டேன். "கொழல் கேட்டுச்சா அம்மணி?"

"இல்லீங்க. ரெண்டு மாசமாவே கொழல் கேக்கறதில்லீங்க. நீங்க இத்தனை பாடுபடறீங்க, எப்படிச் சொல்றதுங்க?"

நான் பாட்டை நிறுத்தக் கை நீட்டினேன்.

"ஆனா தாளம் முதுகுல அதிருதுங்க. அது போதும். கொழலை நானே பாடிக்கறேன்."

திரும்பும்போது வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர மனசில்லை. அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம். குழல் வரும் இடத்தில் மட்டும் நான் சத்தத்தைக் குறைத்தேன். அப்போதுதான் அவள் பாடுவது எனக்குக் கேட்டது.