ஒற்றைத் தட்டு

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லி என் காதுக்கு வந்து சேர்ந்த கதை இல்லை. நம்பாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடலாம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. நிரூபித்துக் காட்டு என்று வம்புக்கு வருபவர்கள் மட்டும் காலை எட்டு மணிக்கு நான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீசுக்கு வாருங்கள். அரை நிமிடம் போதும்.

என் வேலை எடை போடுவது. தரையோடு தரையாகப் பதித்த பெரிய தராசு ஒன்று அங்கே இருக்கிறது. தினமும் காலையில் எடைக்கற்களை வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கற்கள் பின்பக்க அறையில் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றை யார் தூக்கிக்கொண்டு வருவது? நானே தராசில் ஏறி நின்றுவிடுவேன். எழுபத்திரண்டு கிலோ காட்டினால் தராசு சரி. பல வருடங்களாக அதே எழுபத்திரண்டுதான். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி, அசையாத உடம்பு. ஆபீசில் எனக்குப் பெயரே எழுபத்திரண்டு என்று ஆகிவிட்டது.

இன்னொரு வித்தையும் உண்டு. எதையும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் எடையைச் சொல்லிவிடுவேன். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மச்சான். என் தங்கையைக் கட்டியவன். ஆனால் அதற்கும் முன்பே, பள்ளிக்கூட நாளிலிருந்தே என் சிநேகிதன். சலூன் வைத்திருக்கிறான். ஆள் ஐந்தடி, தொண்டை மட்டும் பத்தடி. அவன் கத்தினால் அடுத்த தெருவில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அதனால் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவோம். எனக்கும் அவனுக்கும் ஒரே பைத்தியம், ராக் கான்சர்ட். பதினேழு வயதில் கடன் வாங்கிய பைக்கில் போன முதல் கான்சர்ட்டிலிருந்து இன்றுவரை ஒருவரை விட்டு ஒருவர் போனதில்லை.

நின்றபடி பார்க்கும் மைதானத்தில் அவன் உயரத்துக்கு மேடை எங்கே தெரியும்? "ஊர்ல இருக்கிற முதுகு எல்லாம் பாத்தாச்சு மச்சான், பாடறவன் மூஞ்சியத்தான் பாத்ததில்ல" என்பான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒரு கான்சர்ட்டுக்கு ஒரு பாட்டு, அவன் என் தோளில் உட்கார்ந்து பார்ப்பான். அந்தச் சத்தத்தில் பேச்சு எதுவும் காதில் விழாது என்பதால் எல்லாம் தட்டுதான். என் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினால், குனி, ஏறப்போகிறேன். ஒற்றைத் தட்டு தட்டினால், இறக்கிவிடு.

அந்த ஒற்றைத் தட்டு விழும்வரை நான் இறக்கவே கூடாது. ஒரு முறை நானாக இறக்கிவிட்டு, கீழே விழுந்தவனின் பாதத்தை யாரோ மிதித்து எலும்பு விரிசல் விட்டது. அன்றைக்கு வைத்த சட்டம் அது. மேலே உட்கார்ந்ததும் பத்து விரலாலும் என் தலையில் தாளம் போடுவான். முடி வெட்டுகிறவன் கை, சும்மா இருக்காது.

போன வருடம் அவனுக்கு நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது பார்த்து எங்கள் உயிருக்கு உயிரான இசைக்குழு, கடைசிச் சுற்று என்று அறிவித்துவிட்டு வந்தது. தங்கைக்கு எட்டாவது மாதம். போகலாம், நெரிசலில் மட்டும் சிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாசலில் நின்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, உன்னை நம்பித்தான் அனுப்புறேன். அவர விட்டுடாத."

"பத்திரமா கொண்டாந்து சேத்துடறேன்மா."

"பாரு, பொண்டாட்டி முன்னாடியே என்னைப் பார்சல் ஆக்கிட்டான்" என்றான் ஸ்பீக்கர். மூவரும் சிரித்தோம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

மைதானத்துக்குள் மாலை நாலரைக்குப் போனோம். நான் ஜாக்கிரதையாக ஓரத்துக் கம்பித் தடுப்பின் பக்கமே அவனை நிறுத்திவைத்தேன். அவன் சிவப்புத் தொப்பி போட்டிருந்தான், தொலைந்துபோனால் தேடுவதற்கு வசதியாக. பாட்டுக்குப் பாட்டு கூட்டம் முன்னால் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். ஓரத்தில் இருந்த நாங்கள் எப்போது நடுவுக்கு வந்தோம் என்று எனக்கே தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. அது எங்கள் பாட்டு. அதற்காகத்தான் அவன் தோள் சவாரியைச் சேமித்து வைத்திருந்தான்.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். மேடை, கோபுர விளக்கு, திரை, எல்லாம். கும்மிருட்டில் டிரம்ஸ் மட்டும் முதலில் வரும்.

மணி ஏழு பத்து. அணைத்தார்கள்.

கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் தள்ளியது. என் கையில் இருந்த அவன் சட்டை நழுவியது. இருட்டில் துழாவினேன். கிடைக்கவில்லை. தங்கை முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்போது என் வலது தோளில்...

தட். தட்.

அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில்தான் இருக்கிறான். குனிந்தேன். கழுத்தின் இரண்டு பக்கமும் கால்கள் வந்தன. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

லேசாக இருந்தான்.

ஸ்பீக்கர் அறுபத்தொன்று. காய்ச்சலுக்குப் பிறகு ஐம்பத்தெட்டு. என் தோளில் இருந்தது நாற்பத்தேழு. அதற்கு மேல் இருக்காது. பாவம், இவ்வளவு இளைத்துவிட்டானே, வெளியே காட்டிக்கொள்ளவே இல்லையே என்றுதான் தோன்றியது எனக்கு.

டிரம்ஸ் தொடங்கியது. டும்... டும்... டும்...

என் தலையில் தாளம் விழவில்லை.

இரண்டு உள்ளங்கைகள் என் நெற்றியின் மேல் வந்து படிந்தன. அப்படியே இருந்தன. ஈரம் இல்லை. ஆனாலும் சில்லென்று இருந்தன.

மூச்சு வாங்குகிறது போல, தாளம் போடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் என் விரல்களுக்குத் தெரிந்தது.

வெறுங்கால்.

அவன் பூட்ஸ் போட்டிருந்தான். முழங்கால்வரை லேஸ் கட்டியது. நெரிசலில் செருப்பு போகும். பூட்ஸ் எப்படிப் போகும்?

விளக்குகள் வரவில்லை இன்னும், பின்வரிசையில் ஒரு செல்போன் வெளிச்சம் மட்டும். கிடார் சேர்ந்தது. பின்னாலிருந்து யாரோ என் முதுகில் விரலால் குத்தினார்கள். காதருகே ஓர் ஆண் குரல் கத்தியது.

"சார், அந்தப் பொண்ணக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க! ஒண்ணுமே தெரியல!"

பொண்ணா?

எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்க்க முயன்றேன். நெற்றியில் இருந்த கைகள் விடவில்லை. தலை அசையவே இல்லை.

பளீர் என்று எல்லா விளக்கும் எரிந்தன.

எனக்கு முன்னால், ஆறேழு வரிசை தள்ளி, ஒரு சிவப்புத் தொப்பி.

ஸ்பீக்கர்.

முதுகை மேடைக்குக் காட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். சிரித்தான். கையை ஆட்டினான்.

அப்புறம் அவன் கண்கள் மெதுவாக மேலே போயின.

என் தலைக்கு மேலே.

சிரிப்பு அப்படியே வடிந்தது. கை அந்தரத்தில் நின்றது. அவன் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வளவு பெரிய தொண்டை... ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

அவன் என்னை நோக்கி வரத் தொடங்கினான்.

எதிர்த் திசையில். அத்தனை பேரும் முன்னால் தள்ள, அவன் ஒருவன் மட்டும் பின்னால். என்னிடம். என்னைக் காப்பாற்ற.

"வராத! வராதடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எறங்கு" என்றேன். மேலே இருந்ததிடம். "எறங்கு... யாரா இருந்தாலும் எறங்கு..."

கால்கள் என் நெஞ்சின் மேல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

இறுக்கின.

பிடியை விட்டுக் கையை உதறினேன். கணுக்கால்கள் நகரவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள். கையை மேலே கொண்டுபோக இடமில்லை. காலை எடுத்து வைக்க இடமில்லை. நட்டு வைத்த கம்பம் போல நின்றேன்.

சிவப்புத் தொப்பி நான்கு வரிசை தூரத்தில் இருந்தது.

மூன்று.

அவன் கையை நீட்டினான்.

கூட்டம் அலை மாதிரி ஒரு தள்ளு தள்ளியது.

தொப்பி தெரியவில்லை.

கண் முன்னால்... என் கண் முன்னால்... மச்சான் கீழே போனான். அந்த இடத்தின் மேல் ஆட்கள் மூடிக்கொண்டார்கள். குதித்தார்கள். பாடினார்கள். அவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கத்தினேன், அழுதேன், பாட்டு முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்து நிமிடப் பாட்டு அது. எங்கள் பாட்டு. ஒரு வரி விடாமல் முழுதும் கேட்டேன்.

என் நெற்றியைக் குளிர்ந்த கைகள் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்தது. கூட்டம் இளகியது. சட்டென்று நெஞ்சில் இறுக்கம் இல்லை. நெற்றியில் கை இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்தேன். என் சட்டைதான் இருந்தது. யாரும் இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. நின்று யோசிக்க எனக்கு ஏது நேரம்? அவன் விழுந்த இடத்துக்கு ஓடினேன்.

இரண்டு காவலாளிகள் அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட தொப்பி தரையில் கிடந்தது.

உயிர் இருந்தது. விலா எலும்பு நான்கு முறிந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"விட்டுட்டல்ல?" என்றாள்.

என்ன பதில் சொல்வேன்? நான் வேறு யாரையோ தூக்கிக்கொண்டிருந்தேன் என்றா?

மூன்றாம் நாள் மதியம் அவனுக்குப் பேச்சு வந்தது. தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் கட்டிலருகே போய் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு மேலே பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஸ்பீக்கரின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"மச்சான்... அவ... ஒரு தட்டு தட்டினாளா?"

யோசித்துப் பார்த்தேன்.

"தட்டல" என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினான். அழுகிறான் என்பது முதுகில் தெரிந்தது.

"அப்ப வீட்டுக்கு வராத மச்சான். உன் தங்கச்சி மாசமா இருக்கா."

அதற்கு மேல் ஒன்றும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எப்படி இருந்தாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். தோள் இரண்டும் கடுத்தன. நெரிசலில் பிசகியிருக்கும் என்று தைலம் தேய்த்திருந்தேன். வழக்கம்போல எட்டு மணிக்குத் தராசில் ஏறி நின்றேன். லோடுமேன் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"என்ன?"

"தராசு அவுட்டு" என்றான்.

நான் இறங்கினேன். பூஜ்யம் காட்டியது. அவன் ஏறினான். எண்பத்து நான்கு. அவன் எடை அதுதான். பின்பக்க அறைக்குப் போய் இத்தனை வருடத்தில் முதல் முறையாக எடைக்கற்களைத் தூக்கிவந்து வைத்தேன். இருபது. நாற்பது. அறுபது. இம்மி பிசகவில்லை.

மறுபடி நான் ஏறினேன்.

நூற்றுப் பத்தொன்பது.

கூட்டிக் கழித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அந்த நாற்பத்தேழு எனக்குத் தெரிந்த எடை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போட்டோவில் பார்த்தேன், ஸ்பீக்கரின் மூக்கு. நான் போகவில்லை. போக மாட்டேன். தாய்மாமன் ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று உறவெல்லாம் பேசுகிறதாம், பேசட்டும். தினமும் காலை எட்டு மணிக்குத் தராசில் ஏறி, வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நிற்கிறேன்.

அந்த ஒற்றைத் தட்டு இன்னும் விழவில்லை.