பினாயில் கேனில் வந்த கடல் தண்ணீர்

அப்பாவிடம் ஐந்து லிட்டர் கடல் தண்ணீர் கேட்டேன். செங்கல்பட்டில் நான் வேதியியல் எடுக்கும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்குப் பொருள்களை வகைப்படுத்தும் செய்முறை புதன்கிழமை காலையில் இருந்தது. மேசையில் வைக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதியிருந்தேன்: செம்புக் கம்பி, கந்தகம், சர்க்கரை, காய்ச்சி வடித்த நீர், இரும்புத்தூள் கலந்த மணல், உப்புக் கரைசல். கடைசியாக இருந்ததற்கு எதிரே ‘அப்பா’ என்று எழுதினேன்.

உண்மையில் அதற்கு அப்பா தேவையில்லை. ஆய்வக அலமாரியின் இரண்டாவது தட்டில் உப்பு இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாதான் பேசுவாள். அப்பா சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் சொல்லி, நடுவில் தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துவிடுவாள். அவள் போன பிறகு போனில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நீ, ஆச்சு. அதற்கு மேல் நகராது. சண்டை ஒன்றும் இல்லை. ஏதாவது வேலை இருந்தால்தான் அப்பாவுக்குப் பேச்சு வரும்: எந்த பஸ், எத்தனை மணிக்கு, எதில் கட்டிக்கொண்டு வருவது. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவரிடம் கேட்கக்கூடியவை என்று மூன்றை எழுதி வைத்தேன். கடற்கரை மணல். கடல் தண்ணீர். ஏரிக் களிமண். மணல் முந்தின மாதமே வந்துவிட்டது. அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திரும்பியிருந்தார்.

அந்தக் காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர், இப்போது மாமல்லபுரம் கடற்கரையில் ஓர் ஓட்டலில் தோட்டவேலை பார்க்கிறார். புதன்கிழமை அவருக்கு மதிய ஷிப்ட். காலையிலேயே கடலில் இறங்கி மொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் கேனைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டில் வாட்ச்மேன் இல்லை. யாரிடமோ வழி கேட்டு நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வகுப்பு தொடங்கியிருந்தது. கேனை மேசையில் வைத்தவரைப் பத்து நிமிடம் இருக்கச் சொன்னேன். வாசல் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் பாடம் எடுத்து அவர் பார்த்ததே இல்லை.

பீக்கரில் ஊற்றினேன். தண்ணீர் கலந்த பால் மாதிரி வெளுத்து இறங்கியது. உடனே அறை முழுவதும் நாற்றம். ஓட்டலில் காலியான பினாயில் கேன் அது. மூன்று தடவை அலசினேனே என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

“மிஸ், கடலையே பினாயில் ஊத்திக் கழுவிட்டாங்க போல கீது,” என்றது கடைசி பெஞ்ச். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

கரும்பலகையில் தனிமம், சேர்மம், ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். இதை எதில் வைப்பது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். பார்த்தால் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் மூன்றாவது என்றார்கள் பாதிப் பேர். போனில் டார்ச்சைப் போட்டுப் பீக்கரின் பக்கவாட்டில் காட்டினேன். உப்புக் கரைசலில் ஒளி போகும் பாதை தெரியாது, இதில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன, இதன் பெயர் கூழ்மம், இது நான்காவது கட்டம் என்றேன். எண்ணெய் ஏன் பிரிந்து மேலே வரவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். நடுவில் சோப்பு மாதிரி ஒன்று இருந்து இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். சொன்னதும் போனைக் கையில் வைத்திருக்கும் அம்மா நினைவுக்கு வந்தாள். பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அதே பெண் விடவில்லை. “உப்பைக் கரைச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்லியே மிஸ். எதுக்கு அவ்ளோ தூரத்துலேந்து எட்தாரணும்?”

“ஆமா, உப்பே போதும்,” என்றேன். அதுதான் சரியான விடை.

வாசலைப் பார்த்தேன். அப்பா அங்கே இல்லை.

அன்று மாலை ரயிலில் ஊரப்பாக்கம் திரும்பும்போது அவர் போனதற்கான காரணங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்று, பஸ். இரண்டு, ஷிப்ட். மூன்று, உப்பே போதும் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். இறங்கிய பிறகு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார். சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். கேனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என் அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. பொய்க்காரணம் சொல்லிக் கூப்பிட்டவள் என்று நினைத்திருந்தால் இனி எதைக் கேட்டாலும் வரமாட்டார். அந்த வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது பீரியட் முடிந்து வெளியே வந்தேன். ஆய்வக வாசலில் அப்பா நின்றிருந்தார். கையில் புதிய குடிதண்ணீர் கேன். உள்ளே கடல் தண்ணீர், கண்ணாடி மாதிரி.

“கேனு தப்பு என்துதான்மா. இது புச்சு.”

“வகுப்பு முடிஞ்சிடுச்சுப்பா. உப்பு போட்டாலே போதும்னு அன்னிக்கே சொன்னேனே, கேக்கலியா நீ?”

“கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாய்டுச்சு, கெளம்பிட்டேன்.” கேனைக் கீழே வைத்தார். “பள்ளிக்கூடத்துல உப்பு இல்லாமயா இருக்கும். அது மொதல்லியே தெரியும்.”

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பழைய தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து, மூடி, தேதி ஒட்டி வைத்திருந்தேன். டார்ச்சைக் காட்டினேன். ஒரு வாரமாகியும் கோடு அப்படியே தெரிந்தது. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். அடியில் ஒன்றும் தங்கவில்லையே என்றார். இப்போதைக்குத் தங்காது என்றேன்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். “அடுத்து இன்னா வோணும்?”

மூன்றில் ஒன்றுதான் மிச்சம். ஏரிக் களிமண் என்றேன்.

“எவ்ளோ? ஒரே வாட்டியா ஒரு கோணில எட்தாந்துடவா?”

வகுப்புக்கு ஒரு பிடி போதும்.

“வேணாம்பா,” என்றேன். “கொஞ்சம் கொஞ்சமா எட்தா.”