இருபத்து மூன்று நாற்காலிகளும் என் இரண்டு சொற்களும்

“ஆர்டர் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சாப் போதும் அம்மிணி. அங்க எந்தக் கட்சி, என்ன கொள்கைன்னு நீ லண்டன் வரைக்கும் போயிப் படிச்சு என்ன பண்ணப் போற?”

திருப்பூரில் என் அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் மேனேஜர் இதைக் கேட்டபோது அவர் கையில் லட்டுப் பெட்டி இருந்தது. பங்களாதேஷில் மாணவர்கள் தெருவில் இறங்கி, ஊரடங்கு போட்டு, தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த சமயம் அது. டாக்காவுக்குப் போக வேண்டிய ஆர்டர் ஒன்று எங்கள் கம்பெனிக்குத் திரும்பியிருந்தது. அதற்குத்தான் லட்டு. நானும் ஒன்று வாங்கித் தின்றேன். 

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அம்மா, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் இருபது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். நான் அரசு உதவித்தொகையில் லண்டனுக்கு வந்து அரசியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்கு நான் எடுத்த பொருள் பங்களாதேஷின் கட்சிகளும் அவற்றின் கொள்கைகளும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு அடி விழுந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேசியவர்களின் சொந்தங்கள் ஊரில் இருப்பதால் கட்சிப் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

காலை 11.30. பிளேஸ்டோ, லண்டனின் கிழக்குப் பகுதி.

நான் வாடகைக்கு இருப்பது மாலினி அக்காவின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறார். அவருடைய டிப்போவில் கூட வேலை பார்க்கும் ஹாரூன் பாய்தான் என்னை அன்றைய கூட்டத்துக்கு அழைத்திருந்தார். பங்களாதேஷின் பெரிய கட்சிகளில் ஒன்றின் லண்டன் கிளைக் கூட்டம். அந்த நாட்டுக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் இங்கே கிளை உண்டு. தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், மகளிரணி, இளைஞரணி எல்லாம் உண்டு. அன்று கிளைக்கு இணைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்றும், ஹாரூன் பாய்க்கு அந்தப் பதவி கிடைக்கக்கூடும் என்றும் அக்கா சொன்னார்.

“பதினொரு வருசமா அந்த மனிசன் கதிரை அடுக்கினது. இந்த முறையாவது குடுக்கட்டும்,” என்றவர், என் பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்தார். நாற்காலி அவர் பேச்சில் கதிரை. “ஆனா பிள்ளை, உந்தக் கூட்டத்தில நீ வாயைத் திறக்காத. எங்கட ஆக்கள்ட கூட்டம் எத்தினை பாத்தனான். ஹோலில கொடி எந்தப் பக்கம் நிக்கிறது எண்டே ரெண்டு மணித்தியாலம் சண்டை.”

“நான் கேக்கத்தானே போறேன் அக்கா.”

“ஓம் ஓம். மைக்கைக் கண்டால் தெரியும்.”

பிளேஸ்டோவிலிருந்து வைட்சேப்பலுக்கு ரயிலில் ஆறு நிறுத்தங்கள், கால் மணி நேரம். கட்டணம் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்.

மதியம் 12.15. வைட்சேப்பல்.

நிலைய வாசலில் பெயர் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் எழுதியிருக்கிறது. வெளியே வந்தால் சாலையோரம் முழுக்கச் சந்தை. வெற்றிலைக் கவுளி, பலாப்பழத் துண்டுகள், சேப்பங்கிழங்கு, பனிக்கட்டியாய் உறைந்த ஹில்சா மீன். மேற்கே பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறு பூங்கா வருகிறது. அங்கே வெள்ளைத் தூண்கள் வளைந்து நிற்கின்றன, பின்னால் சிவப்பு வட்டம். உருது மட்டுமே அரசு மொழி என்று சொல்லப்பட்ட காலத்தில், வங்காளத்துக்காக டாக்காவில் உயிர்விட்டவர்களின் நினைவுச் சின்னத்தின் சிறிய வடிவம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருத்தி அதன் முன்னால் சும்மா நிற்க முடியாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏப்ரல் மாதத்துக் குளிர் உள்ளங்காலில் ஏறியது.

ஹாரூன் பாய் அங்கேதான் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட கோட்டு. நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

“எங்க நாடு எல்லாரையும் நீ யாருன்னு கேக்குது,” என்றார், நடந்துகொண்டே. “ஒரு கட்சி, நீ பேசுற மொழிதான் நீன்னு சொல்லுச்சு. மதத்தையும் அரசையும் பிரிச்சு வைக்கணும், சோஷலிசம் வேணும்னு சட்டத்துல எழுதுச்சு. எங்க கட்சி, மொழின்னா எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவுல இருக்கிற வங்காளியும் அதையே பேசுறானே, நம்ம மண்ணும் நம்பிக்கையும் சேர்ந்ததுதான் நாமன்னு சொல்லுச்சு. இன்னொரு கட்சி இஸ்லாம் மார்க்கம் மட்டும் போதும்ங்குது. இடதுசாரிங்க பத்துப் பேர் சேர்ந்தா பன்னிரண்டு கட்சி. இப்ப மாணவர்கள் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுப் பழசு எல்லாமே தப்புங்கிறாங்க.”

“நீங்க ஏன் இந்தக் கட்சி?”

“எங்கப்பா இந்தக் கட்சி.” சிரித்தார். “இதை எழுதிடாதே.” பிறகு எழுத அனுமதி தந்தார்.

பிற்பகல் 2.00 என்று நோட்டீசில் போட்டிருந்த கூட்டம் 3.20க்குத் தொடங்கியது.

கமர்ஷியல் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு வாடகை மண்டபம். மேடையில் இருபத்து மூன்று நாற்காலிகள். எண்ணினேன். எதிரே அறுபது பேர். பேசுகிற ஒவ்வொருவரும் மேடையில் உள்ள இருபத்து மூன்று பேரையும் பதவி வரிசைப்படி, பெயர் சொல்லி வணங்கிவிட்டுத்தான் பேச வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் எழுந்து வெளியே போய்விடுவார் என்று ஹாரூன் பாய் காதில் சொன்னார். போன வருடம் அப்படிப் போனவர் ஒரு போட்டிக் கிளையே தொடங்கிவிட்டாராம். எனக்கு நம்மூர் மேடைகள் ஞாபகம் வந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மேடைக்குக் கீழே, முதல் வரிசையில் பர்வீன் ஆபா உட்கார்ந்திருந்தார். ஆபா என்றால் அக்கா. மகளிரணிச் செயலாளர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக் கோட்டுகளுக்கு லைனிங் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். என் ஆய்வுக்கு அவர் தரவிருந்த நேர்காணல்தான் அச்சாணி. கூட்டம் முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்குத் தலைவர் திடீரென்று என்னை மேடைக்கு அழைத்தார். “ஹாரூன் சாகிபின் விருந்தினர், இந்தியாவிலிருந்து வந்த மாணவி, இரண்டு நிமிடம்.”

மாலினி அக்கா சொன்னது சரி. மைக்கைக் கண்டேன். எங்கள் ஊரில் மாநகராட்சிக் கட்டிடத்தின் நெற்றியில் ‘தமிழ் வாழ்க’ என்று விளக்கில் எரியும், எந்தக் கட்சி ஆண்டாலும் எரியும் என்றேன். கைதட்டினார்கள். பூங்காவில் செருப்பைக் கழற்றியதைச் சொன்னேன். இன்னும் தட்டினார்கள். அந்தச் சூட்டில், புத்தகத்தில் படித்திருந்த இரண்டு வங்கச் சொற்களைச் சொல்லி முடித்தேன். வங்கத்துக்கு வெற்றி என்று பொருள். விடுதலைப் போரில் எல்லாரும் எழுப்பிய முழக்கம். என் காதில் அது ‘தமிழ் வாழ்க’ மாதிரியேதான் ஒலித்தது.

கைதட்டல் நின்றது. ஒரு நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு பின்னால் போன சத்தம். பிறகு கூச்சல். யாரோ மைக்கை அணைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் விரல் நீட்டி, “ஹாரூன் யாரைக் கூட்டிட்டு வந்திருக்கான் பாருங்க! அந்தப் பக்கத்து ஆளு!” என்று கத்தினார். நான் பர்வீன் ஆபாவைப் பார்த்தேன். அவர் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

4.20. படிக்கட்டுக்குக் கீழே தேநீர்க் கடை. ஒரு தேநீர் ஒன்றரைப் பவுண்டு.

“அந்த ரெண்டு சொல்லும் இப்ப ஒரே கட்சியோட சொத்து, அந்த மொழிக் கட்சியோட சொத்து,” என்றார் ஹாரூன் பாய். அவர் தேநீரைத் தொடவில்லை. “பர்வீன் ஆபாவோட தம்பி ஊர்ல மருந்துக் கடை வச்சிருந்தான். அதை உடைக்க வந்த கூட்டம் அதைச் சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு. அவனுக்கு ஒரு கண் போச்சு.”

நான் என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“நீ சொன்னப்ப அவங்களுக்கு அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும்.”

“மன்னிச்சிருங்க பாய். நான் இப்ப என்ன செய்யணும்?”

“வீட்டுக்குப் போ. சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் தேர்வு. நீ இருந்தா எனக்கு இன்னும் கஷ்டம்.”

போயிருக்கலாம். ரயில் நிலையம் பத்து நிமிட நடை. நாளைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் போதும் என்று மனம் சொன்னது. ஆனால் நான் வளர்ந்தது செக்கிங் மேஜைக்கு அடியில். துணியில் ஓட்டை தெரிந்தால் அம்மா அதை மடித்து உள்ளே தள்ளமாட்டாள். அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி மேலே வைப்பாள். தன் கை தவறவிட்ட பீஸ் என்றாலும் அப்படித்தான். ஒளித்தால் மொத்தப் பெட்டியும் கப்பலில் திரும்பி வரும் என்பாள்.

“நான் மேலே போறேன் பாய்,” என்றேன்.

“விடமாட்டாங்க.”

“படியிலயே நிக்கிறேன்.”

5.10.

தொழுகை முடிந்து ஆட்கள் படியேறினார்கள். பலர் என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பர்வீன் ஆபா கடைசியாக வந்தார். நான் என் தப்பைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றேன்.

அவர் படியிலேயே நின்றார். “என்கிட்ட சொல்லி என்ன? தப்பு மைக்ல பண்ணின. மைக்ல சொல்லு.”

அவரே என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தலைவர் தயங்கினார். ஆபா ஏதோ வங்காளத்தில் இரண்டு வாக்கியம் சொன்னதும் மைக் வந்தது. இந்த முறை, மற்றவர்கள் பேசும்போது நோட்டில் குறித்துவைத்திருந்த இருபத்து மூன்று பெயர்களையும் வரிசை தப்பாமல் வாசித்தேன். பிறகு சொன்னேன்: “தவறு என்னுடையது. ஹாரூன் சாகிபுக்கு நான் என்ன பேசப் போகிறேன் என்று தெரியாது. புத்தகத்தில் படித்த சொல் இந்த அறையில் யாருக்கு வலிக்கும் என்று நான் கேட்கவில்லை.”

யாரும் கைதட்டவில்லை. ஒருவரும் கத்தவும் இல்லை. நான் இறங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

இணைச் செயலாளர் பதவி ஹாரூன் பாய்க்குக் கிடைக்கவில்லை. விரல் நீட்டியவருடைய மைத்துனருக்குப் போனது. என்னால்தான் போனதா, எப்படியும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த ‘தெரியாது’ என்னோடு இருக்கிறது. முடிவு அறிவித்ததும் ஹாரூன் பாய் எழுந்து, வழக்கம்போல நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நானும் போய் அடுக்கினேன்.

“எங்க கட்சிப் பசங்களும் கடை உடைச்சிருக்காங்க,” என்றார், என்னைப் பார்க்காமல். “ஆட்சி மாறினப்புறம், எங்க ஊர்லயே. அதை அந்த மைக்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பதினொரு வருசமா எங்க தப்பு எதையுமே சொன்னதில்ல. நீ உன் தப்பை ஒரு மணி நேரத்துல சொல்லிட்டே.”

“எனக்குப் பதவி எதுவும் போகலையே பாய்.”

கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “அது சரி.”

பர்வீன் ஆபா மறுவாரம் தன் வீட்டில் மூன்று மணி நேரம் பேசினார். கட்சியைப் பற்றி அரை மணி. மிச்சம் தம்பியைப் பற்றியும், தையல் மெஷினைப் பற்றியும். கிளம்பும்போது ஒரு தாளில் காஜிப்பூர் விலாசம் ஒன்றை எழுதித் தந்தார். டாக்காவுக்கு வடக்கே, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அவருடைய சித்தி மகள் அங்கே வேலை பார்க்கிறாள்.

கூட்டத்தன்று இரவு 7.30க்கு பிளேஸ்டோ திரும்பினேன். மாலினி அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். “கதைச்சிட்டாய் என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோற்றைச் சூடாக்கினார்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மொழிக் கட்சி, மண் கட்சி, மார்க்கக் கட்சி, மாணவர் கட்சி.  

“ஏங் கண்ணு, மேடையில இருபத்து மூணு பேருன்னியே. அதுல துணி தைக்கிறவங்க எத்தன பேரு?”

“ஒருத்தரும் இல்லம்மா. பர்வீன் ஆபாகூட மேடைக்குக் கீழதான்.”

“இங்கயும் அப்படித்தான். அங்க செக்கிங்ல நிக்கிறவ எந்தக் கட்சின்னு யாராச்சும் கேட்டாங்களா? அவளுக்கு இந்தக் கொள்கையில எது சோறு போடுதுன்னு கேட்டாங்களா?”

ஆறு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. வைட்சேப்பலில் வங்க எழுத்தைப் பார்த்ததும் அந்த மக்களைத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் திருப்பூருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது. ஒரே வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டர் திருப்பூருக்கும் டாக்காவுக்கும் மாறி மாறிப் போகிற பாதை. அவர்கள் தெருவில் சாகும்போது நாங்கள் லட்டுத் தின்ற பாதை. அதில் நின்றுதான் நான் எழுத வேண்டும்.

ஆய்வுத் தலைப்பைத் துணி தைக்கிறவர்களின் அரசியல் என்று மாற்றப் பேராசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நேற்று கென்சிங்டனில் உள்ள பங்களாதேஷ் தூதரகத்துக்குப் போய் விசா மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். ‘பயண நோக்கம்’ என்ற இடத்தில் ஆய்வு என்று எழுதினேன். ‘செல்லும் இடம்’ என்ற இடத்தில் டாக்கா என்று எழுதி, அடித்துவிட்டு, காஜிப்பூர் என்று எழுதினேன். ‘தாயின் தொழில்’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘செக்கிங், ஆயத்த ஆடை’ என்று பெரிய எழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே வரும்படி எழுதிக் கொடுத்தேன்.