பக்கத்து ஊர்க்காரனிடம் விசாரித்த சம்பந்தம்

கலியாணப் பேச்சு என்று வந்தால் புனிதமலரின் வாயில் முதலில் வருவது ஊர்தான். பெடியன் என்ன படித்தான், என்ன உழைக்கிறான் என்பதெல்லாம் பிறகு. என்ன ஊர், அந்த ஊரார் எப்படிப்பட்ட ஆட்கள், அவர்களுக்கு யாரோடு பகை என்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது? மன்னார்க் கரையில் பனங்கட்டிமுனை என்ற சின்ன ஊரில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டாள். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகப் பிறத்தியாருடைய மாடிப்படிகளைக் கழுவி ஒரே மகளை வளர்த்தாள். புருசன் பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சீசா என்ற பகுதியில் நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. விடிந்தால் செபமாலை, பிறகு பஸ், பிறகு வேலை. சண்டை சச்சரவுக்குப் போகாத மனுசி என்றுதான் கோயில் பங்கில் எல்லோரும் சொல்வார்கள்.

மகள் எமிலியானா ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒருவனைக் கையோடு கூட்டி வந்தாள். பெயர் செர்கான். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். துருக்கியன்.

புனிதமலருக்குச் சமயம்தான் முதலில் தொண்டையில் நின்றது. ஆனால் மகள் அந்தக் கதவை முன்கூட்டியே பூட்டிவிட்டாள்.

"ஃபாதரிட்டைக் கேட்டாச்சு அம்மா. பிஷப்பின்ர அனுமதி எடுத்தால் கோயில்லயே கட்டலாமாம். அவர் தன்ர வழியில இருக்கட்டும், நான் என்ர வழியில."

ஃபாதரே சொன்ன பிறகு தாய் என்ன சொல்வது? மிச்சம் இருந்தது ஊர் ஒன்றுதான்.

கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உடைந்த இத்தாலியனில் கேட்டாள். அவன் பவ்வியமாகத் தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினான். கருங்கடலுக்குத் தெற்கே மலைக்குள் கஸன்ஜிக் என்று ஒரு வட்டாரம். நடுவில் செம்பு அண்டா அடிக்கிற ஒரு சின்ன டவுன், வியாழக்கிழமைகளில் சந்தை. சுற்றிவர மலைச்சரிவில் ஊர்கள். அதில் ஓடை தொடங்குகிற இடத்தில் இருப்பது தெரெபாஷி, அவனுடைய ஊர். தகப்பன் இப்ராஹிம் அங்கே மாவு ஆலை வைத்திருக்கிறார்.

"அங்கை ஆர் ஆக்கள்?" என்றாள் புனிதமலர்.

"ஆக்கள் எண்டால்... ஆக்கள்தான், சிஞ்ஞோரா."

"இஞ்சை உங்கட பக்கத்தார் வேறை ஆரும் இருக்கினமோ?"

அவன் முகம் சுருங்கியது. "கபோச் சந்தையில ஒருத்தன் முடி வெட்டுறான். குஸ்கொய்காரன், எங்களுக்குக் கீழ் ஊர். அவனிட்டை நான் வெட்டுறேல்லை. அவனிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ."

கேட்காதே என்றதுதான் புனிதமலருக்கு வேண்டியிருந்தது. ஊரை ஊருக்குள் விசாரிப்பது மடைத்தனம், ஊர்க்காரன் மறைப்பான். பக்கத்து ஊரில் விசாரித்தால்தான் பொட்டுக்கேடு வெளியில் வரும். பனங்கட்டிமுனையில் அப்படித்தான் செய்வார்கள். அவளுடைய அக்காவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அந்த விசாரணையில்தான் குழம்பிப் போனது.

"விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்" என்றாள்.

அவன் படியிறங்கும்வரை பொறுத்திருந்த எமிலியானா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "துருக்கியில ஊர் விசாரிக்கப் போறியளோ? தெய்வமே! போங்கோ, போய்த் தரகரையும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

அந்தப் பார்பர் கடை கபோச் சந்தையில் மீன் தட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. புனிதமலர் ஒரு பை நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். உள்ளே தரை துடைக்கிற மொப்போடு நின்றவளைக் கண்டதும் கால் பின்னால் இழுத்தது. அனிற்றா. அவள் முள்ளிக்கரைக்காரி, பனங்கட்டிமுனைக்கு அடுத்த ஊர். திருநாளில் மாதா சுருபத்தை முதலில் யார் தோளில் எடுப்பது என்று இரண்டு ஊருக்கும் ஒரு காலத்தில் மூண்ட சண்டை, கடல் தாண்டி வந்தும் ஆறவில்லை. கோயில் வாசலில் கண்டால் நாடியை ஒரு சொட்டு உயர்த்துவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படியே உயர்த்திவிட்டு, புனிதமலர் பார்பரிடம் போனாள்.

நெஜ்தத் என்று பெயர். ஒரு வாடிக்கைக்காரனின் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தான். மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் ஊர் தெரெபாஷி என்றதும் சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது.

"தெரெபாஷியோ? அவங்கள் எங்கட பக்கத்து ஆக்களே இல்லை, சிஞ்ஞோரா. அது கிரேக்கரின்ர ஊர். நூறு வருசத்துக்கு முந்தி அரசாங்கங்கள் ரெண்டும் பேசி, அந்தக் கிரேக்கரைக் கப்பல்ல கிரேக்கத்துக்கு ஏத்திவிட்டு, அங்காலயிருந்த இவங்களை இஞ்சால இறக்கினது. ஆரோ கட்டின வீடு, ஆரோ நட்ட மரம். ஊர்ப் பேர்கூட ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரன் பழைய பேரை வெட்டிப்போட்டு எழுதினது."

கத்தியை ஒரு இழுப்பு இழுத்தான். வாடிக்கைக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஓடை அவங்கட ஊரில தொடங்குது. கோடை வந்தால் மறிச்சுப் போடுவாங்கள். கேக்கப்போன என்ர மாமாவின்ர மண்டையை மண்வெட்டியால பிளந்தவங்கள். நீங்கள் கோயிலுக்குப் போற மனுசி போல. அங்கை கிரேக்கர் விட்டிட்டுப் போன கோயில் ஒண்டிருக்கு. அதுக்குள்ள என்ன செய்யினம் தெரியுமோ? மாடு கட்டுறாங்கள்."

புனிதமலர் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பெடியன் ஆற்ற மகன்?" என்றான் அவன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் விசாரணை என்றால் பெயரில்லாமல் எப்படி? "ஆலைக்கார இப்ராஹிமின்ர மகனாம்" என்றாள். நெஜ்தத்தின் மீசை மெதுவாக மேலே போனது. "நீங்கள் எந்த ஊர், சிஞ்ஞோரா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். பனங்கட்டிமுனை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். மூலையில் அனிற்றாவின் மொப் அசையாமல் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சோறு ஆறியது.

"கப்பல்ல வந்து இறங்கின சனமாம், பிள்ளை. பிறத்தியாற்ற வீட்டில குடியிருக்கிற ஆக்கள்."

"நீங்கள் என்னத்தில வந்தனீங்கள் அம்மா? பல்லக்கிலயோ? இது ஆற்ற வீடு? மாதம் மாதம் ஆருக்கு வாடகை குடுக்கிறியள்?"

"கோயிலுக்குள்ள மாடு கட்டுற சனம்!"

"செர்கானோ கட்டினவர்?"

"அவன்ர தேப்பன் கட்டியிருப்பான்."

"பாஸ்தா! போதும்!" என்று எமிலியானா தட்டைத் தள்ளினாள். "உங்களுக்கு அவரைப் பிடிக்கேல்லை. அதைச் சொல்லுங்கோ. ஏன் ஒரு ஊரை இழுத்துக்கொண்டு திரியிறியள்?"

புனிதமலர் எழும்பினாள். அறைக்குள் போய் முழந்தாளில் நின்று, இந்தச் சம்பந்தத்தைக் குழப்பிவிடு தாயே என்று மாதாவிடம் கேட்டாள். மனதாரக் கேட்டாள்.

அடுத்த வாரம் செர்கான் வந்தான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை, வாசலிலேயே நின்றான். நெஜ்தத் ஊருக்குப் போன் போட்டிருக்கிறான். வியாழச் சந்தையில், டவுன் நடுவில் உள்ள கோப்பிக் கடையில், குஸ்கொய்காரர்கள் இப்ராஹிமைச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். மருமகளின் தாய் பார்பர் கடையில் கோர்ட்டு வைத்து உன்னை விசாரிக்கிறாளாமே என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு விடவும் இல்லை.

"உங்கட ஊரார் திருநாளண்டு பிறத்தியாற்ற வள்ளத்துக்கு நெருப்பு வைச்ச ஆக்களாம்" என்றான் செர்கான், தரையைப் பார்த்தபடி. "சொந்தமாய் ஒரு நல்ல தண்ணிக் கிணறும் இல்லாத சனமாம். அப்பா கேட்டுப்போட்டு, உந்த வீட்டில பெண் எடுக்க வேண்டாம் எண்டிட்டார்."

"ஆர் சொன்னது?" என்றாள் புனிதமலர்.

"நெஜ்தத்துக்குக் கடை கழுவுற மனுசி." பிறகு அவன் எமிலியானாவிடம் திரும்பினான். "தேப்பனை முறிச்சுக்கொண்டு நான் கட்ட மாட்டன், எமி. என்னால ஏலாது."

அவன் போன பிறகு எமிலியானா அழவில்லை. உடுப்புகளை ஒரு பையில் திணித்தாள். ஒரேத்தோத் தெருவில் சிநேகிதி நிரோசினியின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். வாசலில் நின்று, "விசாரிச்சு முடிஞ்சுதோ? சந்தோசமோ?" என்றாள்.

மாதாவிடம் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை எங்கே வைப்பது என்றுதான் புனிதமலருக்குத் தெரியவில்லை. மகள் போன் எடுக்கவில்லை. ஞாயிறு பூசையில் தூணுக்கு அந்தப் பக்கம் போய் இருந்துகொண்டாள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையை அந்த மலை ஊருக்குப் பறிகொடுத்து விடுவோமோ என்று பயந்த தாய், இப்போது பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே பறிகொடுத்துவிட்டு நின்றாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே கபோவுக்குப் போனாள். இந்தத் தடவை ரோல்ஸ் இல்லை.

"எடு போனை" என்றாள் நெஜ்தத்திடம். "இப்ராஹிமுக்கு அடி. சொன்னது பிழை எண்டு சொல்லு."

"நான் உண்மையைத்தானே சொன்னனான், சிஞ்ஞோரா."

"நீயும் உண்மை, இவளும் உண்மையோ?" என்று அனிற்றாவின் பக்கம் திரும்பித் தமிழில் பாய்ந்தாள். "எடியே, என்ர பிள்ளையின்ர வாழ்க்கையிலயோ உன்ர மொப்பைப் போடுறாய்?"

"அவன் ஊர் கேட்டான், சொன்னனான். நீர் அங்கை ஊர் விசாரிக்கலாம், உம்மட ஊரை ஆரும் விசாரிக்கப்படாதோ? வள்ளம் எரிஞ்சது பொய்யோ?"

"எரிஞ்சது உண்மை. ஏன் எரிஞ்சதெண்டும் சொன்னனியோ? எங்கட தோளில வந்த சுருபத்தை மணலில இறக்கி வைச்சுப்போட்டுப் போனது ஆர்?"

"அதுக்கு முதல்..."

"பொத்து வாயை!"

வாடிக்கைக்காரன் பாதிச் சவரத்தோடு எழும்பி வெளியே போய் நின்றான். நெஜ்தத் போன் எடுக்க மறுத்தான். புனிதமலர் தன் போனை எடுத்துச் செர்கானைக் கூப்பிட்டாள். "உடனே வாரும். இல்லாட்டில் நான் இந்தக் கதிரையைவிட்டு எழும்ப மாட்டன்" என்று சவரக் கதிரையில் ஏறி இருந்துவிட்டாள். துறைமுகத்திலிருந்து அவன் கிறீஸ் கையோடு வந்தான். குஸ்கொய்காரனின் வாசற்படியை மிதிக்க ஒரு நிமிசம் தயங்கினான். பிறகு மிதித்தான். தகப்பனைப் போனில் எடுத்து, குரலை எல்லோரும் கேட்கும்படி வைத்தான்.

"கோயிலுக்குள்ள மாடு கட்டுறது உண்மையோ எண்டு கேளும்."

மறுபக்கத்தில் ஒரு கரகரத்த குரல் நெடுநேரம் கத்தியது. செர்கான் சொன்னான்: "மாடு கட்டினது தன்ர தேப்பன் காலமாம். இப்ப வைக்கோல்தானாம். கூரையை ஆர் கழட்டிக்கொண்டு போனதெண்டு அந்தப் பார்பரைக் கேக்கட்டாம். குஸ்கொய்ப் பள்ளிக்கூடச் சுவரில சிலுவை வெட்டின கல்லு தலைகீழாய் நிக்குதாம்."

நெஜ்தத் துருக்கி மொழியில் போனைப் பார்த்துக் குரைத்தான். அது விலைக்கு வாங்கின கல் என்றானாம். போனும் திருப்பிக் குரைத்தது.

"வள்ளம் எரிச்சது உண்மையோ எண்டு அப்பா கேக்கிறார்" என்றான் செர்கான்.

அனிற்றா மொப்பில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அந்தத் துருக்கியன் எங்கே போய்ப் பார்க்கப் போகிறான்? ஆனால் புனிதமலருக்கு நாக்கு வளையவில்லை. காலையில் செபமாலை சொன்ன வாய்.

"ஓம், எரிச்சதுதான். என்ர சித்தப்பாவும் அதில நிண்டவர். எண்டு சொல்லும்."

செர்கான் அதைத் துருக்கி மொழியில் சொன்னான். போனில் ஒரு சிரிப்பு. அதில் அன்பு ஒன்றும் இல்லை.

"குஸ்கொய்காரர் நூறு வருசமாய் ஒண்டையும் ஒத்துக்கொண்டதில்லையாம்" என்று செர்கான் மெதுவாகச் சொன்னான். "அந்த மனுசியை நம்பலாமாம். கலியாணத்துக்கு வாறாராம். ஆனால் உங்கட வீட்டில சாப்பிட மாட்டாராம்."

"நான் அவருக்குச் சமைக்கப் போறதும் இல்லை. அந்த வைக்கோலை வெளியில எடுக்கச் சொல்லும். எடுக்காட்டில் என்ர பிள்ளை அந்த ஊரில கால் வைக்காது."

இதற்கு வந்த பதிலைச் செர்கான் சொல்லவில்லை. காது சிவந்துபோய் நின்றான். நெஜ்தத்தான் ஆசையாக முன்னுக்கு வந்து இத்தாலியனில் சொன்னான்: "கூட்டிக் கழுவுறதுதானே அவளின்ர தொழில், அவளே வந்து எடுக்கட்டும் எண்டுறான்."

அனிற்றாவின் முகமும் ஒரு கணம் கறுத்தது. அவளுக்கும் அதே தொழில்தானே.

"ஓகஸ்ட்டில எனக்கு லீவு" என்றாள் புனிதமலர். "வாறன் எண்டு சொல்லும். வாசலைப் பூட்டி வைக்க வேண்டாம் எண்டும் சொல்லும்."

சமாதானம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் எமிலியானா வீட்டுக்கு வந்தாள். கோபம் இன்னும் மூக்கில் இருந்தது.

"என்னைக் கேக்காமல் விசாரிச்சியள். என்னைக் கேக்காமல் குழப்பினியள். இப்ப என்னைக் கேக்காமல் சேர்த்தும் வைச்சிட்டியள். நான் ஆர் அம்மா உங்களுக்கு?"

"பிள்ளை..."

"நான் இஞ்சை திரும்பி வரமாட்டன். கலியாணம் வரைக்கும் நிரோசினி வீட்டிலதான்." மாரிக் கோட்டையும் தலையணையையும் எடுத்தாள். கதவடியில் நின்றாள். "ஓகஸ்ட்டில நானும் வாறன். உங்களைத் தனிய விட்டால் அந்த மலையில இருக்கிற எல்லா ஊரையும் விசாரிச்சுப்போட்டுத்தான் வருவியள்."

"விசாரிக்காமல் எப்பிடி?" என்றாள் புனிதமலர்.

எமிலியானா கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்துக்குக் கீழ் மாடிச் சிஞ்ஞோரா வெளியே வந்து ஏதோ கத்தினாள். புனிதமலர் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டாம் மாடி வரை இறங்கிய செருப்புச் சத்தம் நின்றது. பிறகு மகளின் குரல் மேலே வந்தது.

"அம்மா, போன் அடிச்சால் எடுங்கோ!"