இடது பக்கம், எட்டில் ஒரு பங்கு

1. அண்ணன் கல்யாணம் ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. வீடியோக்காரர் புதிதாக வாங்கியிருந்த கேமராவில் அதை அகலப் படமாக எடுத்தார்.

2. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அப்போது எங்களிடம் இருந்தது பழைய குண்டு டிவி. அதில் அகலப் படம் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும்.

3. பட்டை வேண்டாம், திரை நிறைய வரட்டும் என்று ஸ்டூடியோவில் போய்ச் சொன்னவள் நான்.

4. அவர்கள் படத்தின் இரண்டு பக்கங்களையும் நறுக்கி டிவிடி போட்டுக் கொடுத்தார்கள்.

5. அத்தை இடது ஓரத்தில் நின்றிருந்தார்.

6. சென்ற வருடம் அத்தை இறந்துபோனார்.

அத்தை அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்து, லால்குடியில் தனியாக இருந்தவர். மாதம் இரண்டு முறையாவது பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். டிவி முன்னால் அவர் உட்கார்ந்தால் எங்களுக்குப் படம் தேவையில்லை, அவர் பேச்சே போதும். ஒருமுறை ஏதோ படத்தில் ஆட்களெல்லாம் ஒல்லியாக நீண்டு தெரிந்தார்கள். "ஏண்டி, இவங்க வீட்லல்லாம் சோறே போடறதில்லையா?" என்றார். பிறகு நாங்கள் தட்டை டிவி வாங்கியதும் பழைய படங்கள் பக்கவாட்டில் இழுபட்டன. "பரவால்ல, இப்பத்தான் எல்லாருக்கும் உடம்பு தேறியிருக்கு" என்றார்.

தாலி கட்டும் நேரத்தில் அவரை மேடைக்கு அழைத்தார் அப்பா. அத்தை வரவில்லை. "நான் இங்கயே நிக்கிறேன்டா. நீ ஆகவேண்டியதப் பாரு" என்று தூணோரமாக நின்றுகொண்டார். எந்த விசேஷத்திலும் அவர் நிற்கிற இடம் அதுதான். தம்பியே கூப்பிட்டும் அவர் அந்த வழக்கத்தை மீறவில்லை, அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவும் இல்லை. நாத்தனார் முடிச்சுப் போட மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற நான் படத்தின் நடுவில் முழுசாக இருக்கிறேன்.

டிவிடி வந்த அன்று எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். திரை நிறைந்திருந்தது. எனக்குப் பெருமை. முழுக்கப் பார்த்து முடித்த பிறகு அத்தை சிரித்தார். "என்னைக் காணோமேடி! நான் கல்யாணத்துக்கு வந்தேனா, வரலையா?"

"ஓரத்துல நின்னா அப்படித்தான் அத்தை" என்றேன். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது.

இப்போது, படம் திரையில் சரியாக உட்காருகிறதா என்று சோதிப்பதுதான் எனக்கு வேலை. பதினாறுக்கு ஒன்பது என்ற அளவில் எடுத்த படத்தை நாலுக்கு மூன்று ஆக்கினால் அகலத்தில் கால் பங்கு போகும், பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்கு. கணக்கு அவ்வளவுதான். அத்தையை யாரும் வேறு வீடியோவில் எடுத்ததில்லை. போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். மீதி இருப்பது ஆதார் அட்டைப் படம். அதில் அவர் யாரையோ முறைப்பதுபோல் இருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா அந்த டிவிடியைப் போடச் சொன்னார். இப்போதிருக்கும் அகல டிவியில் கறுப்புப் பட்டை பக்கவாட்டில் விழுந்தது, சரியாக நறுக்கிய அளவுக்கு, நறுக்கிய இடத்தில். அப்பா எழுந்து போய் இடது பட்டையின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா இங்கதான் நின்னா. இந்தக் கறுப்ப எடுத்துவிடும்மா."

"அதுக்குப் பின்னால ஒண்ணும் இல்லப்பா."

"நின்னாளே. நான் பாத்தேனே."

ரிமோட்டை வாங்கி, திரை அளவை மாற்றும் பட்டனை அழுத்தினார். அண்ணன் குண்டானான். மறுபடி அழுத்தியதும் எல்லோருடைய தலையும் மேலே வெட்டுப்பட்டது. மூன்றாவது தடவை கறுப்புப் பட்டை திரும்ப வந்தது. அட்சதை தூவும் இடத்தில் மட்டும் இடது விளிம்பிலிருந்து ஒரு கை உள்ளே வந்து போகிறது. வளையல் இல்லாத கை. அப்பா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

மறுநாள் ஸ்டூடியோக்காரரைத் தேடிப் போனேன். இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார், என்னை அடையாளமும் கண்டுகொண்டார். மூல டேப் இருக்குமா என்று கேட்டேன்.

"அந்தக் காலத்து டேப்பா? டெலிவரி ஆன மறுநாளே அதுமேல அடுத்த முகூர்த்தம் எடுத்துருவோம்மா. எல்லா ஸ்டூடியோலயும் அப்படித்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, குற்றம் சொல்லும் தொனி இல்லாமல்தான் கேட்டார்: "நீங்கதானம்மா பட்டை வேண்டாம்னீங்க?"

ஆமாம் என்றேன்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குண்டு டிவியில் எல்லோரும் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்திருப்போம். அவ்வளவே. தூணோரத்தில் அத்தையும் சிறியதாக நின்றிருப்பார்.

அத்தை நடமாடும் படம் எங்களிடம் இல்லை. இனிக் கிடைக்க வழியும் இல்லை. அப்பாவிடம் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டி இரண்டு முறை விளக்கிவிட்டேன். புரிகிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிடியைப் போட்டுவிட்டு ரிமோட்டைக் கேட்கிறார்.