தண்ணீர் கேட்காத செடி

கேரள மலையில், பூப்பாறையைத் தாண்டி ஒரு சாலையோர நர்சரியில்தான் அந்தச் செடியை முதலில் பார்த்தேன். தேநீர் குடிப்பதற்காக என் கணவர் வண்டியை நிறுத்தியிருந்தார். சின்னக் கறுப்புத் தொட்டியில் தடித்த இலைகள் அடுக்கடுக்காக விரிந்து, பச்சைக் கல்லில் ரோஜாப் பூவைச் செதுக்கி வைத்தது போல இருந்தது. இலை நுனிகளில் மட்டும் லேசான சிவப்பு. வாங்காமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

"அதிகம் வெள்ளம் வேண்டா சேச்சி. மண்ணு உணங்கியிட்டு ஒழிச்சா மதி" என்றாள் நர்சரிக்காரப் பெண்.

மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதுமாம். போடியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அளவு மலையாளம் புரியும். என் மாமிக்குப் புரிய வைக்கத்தான் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

மாமி என்றால் கணவரின் தாயார். எங்கள் வீடு கடைக்கு மேலேயே இருக்கிறது. கீழே கணவர் தார்ப்பாய், மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு விற்கிறார். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறுகிறவர்கள் அதிகாலையிலேயே வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். மண்ணென்று ஒரு பிடி இல்லாத வீடு. கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கென்று ஒரு செடி வேண்டும் என்ற ஆசை இருந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காலை வெயில் படும் இடமாகப் பார்த்து அதை வைத்தேன்.

கொஞ்ச நாளில் கீழ் இலைகள் நுங்கு போலக் கண்ணாடியாயின. தொட்டால் கையோடு வந்தன. தண்டு கறுத்து அழுகிவிட்டது.

மாமி பக்கத்தில் வந்து நின்று வருத்தப்பட்டார். "பாவம், மலைச் செடி. நம்மூரு வெக்கை ஒத்துக்கல. தெனமும் அரிசி களைஞ்ச தண்ணிய ஒரு செம்பு ஊத்தத்தான் செஞ்சேன். எவ்வளவு ஊத்தியும் நிக்கல பாரு!"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைக்கு வாடிக்கையாக வரும் ஜீப் டிரைவர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே, "இந்தா தங்கச்சி, லோடுக்கு நடுவுல மடியில வச்சு கொண்டாந்தேன்" என்று இன்னொரு செடியை நீட்டினார். இந்த முறை முன்னேற்பாட்டோடு இருந்தேன். பக்கத்தில் கட்டிடவேலை நடந்த இடத்தில் உடைந்த செங்கலை எடுத்து வந்து பொடித்தேன். ஆற்று மணலும் கரித்துண்டும் கலந்தேன். தொட்டியின் அடியில் கம்பியைக் காய்ச்சிக் கூடுதலாக ஓட்டை போட்டேன். மாமியிடமும் தெளிவாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஆனாலும் ஒரு காலையில் மாடிக்குப் போனால், செம்பும் கையுமாக நிற்கிறார்.

"மாமி! ஊத்தாதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஒரு கை தாம்மா ஊத்தினேன். மண்ணு அப்படிக் காஞ்சு கெடக்கு."

"காஞ்சுதான் கெடக்கணும். நீங்க ஊத்தித்தான் முன்னது செத்துப் போச்சு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. மாமி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் அப்பாவின் தோப்பைப் பற்றிச் சொன்னார். "ராசிங்காபுரத்துல எங்க அத்தா தோப்பு வச்சிருந்தாங்க. ஒரு வருசம் கெணறு வத்திப் போச்சு. தென்னை ஒவ்வொண்ணா தலை சாஞ்சப்ப நின்னு பாத்துட்டேதான் இருந்தோம். காஞ்ச மண்ணப் பாத்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா."

செம்பை நானே கீழே கொண்டு போனேன். ஆனால் செடியை விடவும் இல்லை. மாமியையும் நோகடிக்கக் கூடாது, செடியும் சாகக் கூடாது. இரண்டுக்கும் வழி இருந்தே தீரும் என்று நினைத்தேன்.

அந்தச் செடியும் அழுகத்தான் செய்தது. அழுகல் ஏறாத நான்கு இலைகளை மட்டும் பிய்த்து, ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் மணல் பரப்பி அதன் மேல் வைத்தேன். "கடையில பிளாஸ்டிக்ல இதே மாதிரி வருது. ஒண்ணு கொண்டாரவா?" என்று கேட்டார் கணவர். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் ஒரு பழைய பெயின்ட் வாளியில் புதினா நட்டு மாமியின் கையில் கொடுத்தேன். "இதுக்குத் தெனமும் தண்ணி வேணும் மாமி. எனக்குச் சோலி சரியா இருக்கு. நீங்கதான் பாத்துக்கணும்." செம்புத் தண்ணீர் அன்றிலிருந்து புதினாவுக்குப் போனது. மூடியில் இருந்த இலைகளில் இரண்டு சுருங்கிக் காய்ந்தன. மற்ற இரண்டின் அடியில் நூல் போல வேர் விட்டு, கடுகளவு குட்டிச் செடிகள் எழும்பின. அதில் ஒன்று தப்பி, ஆடிக்காற்றையும் தாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வந்தது.

ஐப்பசியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கம்பத்துக்குப் போனேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. விடாத மழை. செடி நனைந்து அழுகிப் போயிருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். போனில் கேட்கக்கூட இல்லை. போனதும் மறுபடி ஒரு இலையிலிருந்து ஆரம்பிப்போம் என்றிருந்தேன்.

திரும்பி வந்து மாடிக்கு ஓடினால், சுவரில் தொட்டியே இல்லை.

"எங்க மாமி செடி?"

"வானம் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. தண்ணி ஆகாதுன்னு நீ சொன்னியேன்னு, குடையப் புடிச்சிட்டுப் போயி வெரசா எடுத்தாந்துட்டேன்" என்று அடுக்களை அலமாரியைக் காட்டினார். "ஒரு சொட்டு ஊத்தலம்மா. கையக் கட்டிட்டு இருந்தேன்."

மூட்டு வலியில் படியேறவே திணறுகிறவர், அந்த வழுக்கலில் மாடிக்குப் போயிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டு அலமாரியில் செடி வெளிச்சத்தைத் தேடி வெளுத்து, கொக்குக் கழுத்தாக நீண்டிருந்தது. பரவாயில்லை, உயிர் இருந்தது. பிளேடை எடுத்துத் தலையைத் தனியாக வெட்டினேன். மாமி, "யா அல்லா, அறுக்கிறியே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டு வாய் காயும்வரை நிழலில் வைத்திருந்து, பிறகு புது மண்ணில் நட்டேன். தலை வேர் பிடித்தது. வெட்டிய தண்டிலும் பக்கவாட்டில் சின்னச் சின்னப் பூக்களாக இலைகள் கிளம்பின. மாமியைக் கூட்டிக்கொண்டு போய் அவற்றைக் காட்டினபோது வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் போடி வெயில் வெளி இலைகள் சிலவற்றைக் கருக்கிவிட்டது. நிழல் வலை வாங்கி வந்து, நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினேன். மாமி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நடு இலைகள் இறுக்கமாக, ஆரோக்கியமாக இருக்கின்றன. இது இந்த ஊரில் நிற்கும். நிற்க வைப்பேன்.