யாரும் முறை சொல்லாமலே ஓடின உப்பளத்துத் தண்ணி

இன்னைக்கு மகளோட ஆபீஸ் மீட்டிங்கை ஒட்டுக்கேட்டேன். (வொர்க் ஃப்ரம் ஹோம்னா வீட்ல இருக்கவங்களும் ஸ்டாஃப்தானே!)

நெட்வொர்க் எப்படிக் குழம்பினாலும், யாரும் கை வைக்காம தானா சரியாகணும்னு பேசிட்டிருந்தா.

அடியே, அதை நான் எழுபதுகள்லயே தூத்துக்குடி உப்பளத்துல ஓட விட்டவ!

அப்போ மெட்ராஸ்ல எம்.எஸ்சி. கணக்கு. லைப்ரரியில ஒரு வெளிநாட்டு இதழ்ல இதைப் பத்திச் சின்னதா ஒரு கட்டுரை. படிச்சுட்டுப் பைத்தியமா அலைஞ்சேன்.

லீவுக்கு ஊருக்கு வந்தா, அப்பாவுக்கு மதுரையில ஆபரேஷன் பண்ணியே ஆகணும்ங்கிறாங்க. மனுஷன் அசைய மாட்டேங்கிறார்.

காரணம் தண்ணி. அஞ்சு அளத்துக்கும் ஒரே உப்புத்தண்ணிக் கிணறு. ரெண்டு பேர் சேர்ந்து மடையைத் திறந்தா ரெண்டு பேருக்குமே பத்தாது. யார் முறைன்னு சொல்றது அப்பா ஒருத்தர்தான்.

"நான் இல்லன்னா மம்பட்டியத் தூக்கிருவானுவ, ஏளா."

சரின்னு அளத்துக்கு ஒரு கம்பு நட்டேன். ஒவ்வொருத்தருக்கும் அதுல கொடியா கட்ட அஞ்சு நிறத்துல துணி குடுத்தேன். அஞ்சு அளத்தையும் வரிசைப்படுத்தி, விதியையும் சொன்னேன்.

முந்தின அளத்துக் கொடியை மட்டும் பாருங்க. அவர் நிறமும் உங்க நிறமும் வேறன்னா உங்க முறை. பாய்ச்சி முடிச்சதும் அவர் நிறத்தைக் கட்டிருங்க.

முதல் அளத்துக்கு மட்டும் தலைகீழ். கடைசி அளத்துக் கொடியும் தன் கொடியும் ஒரே நிறமானா அவர் முறை. முடிஞ்சதும் நான் சொல்லிக் குடுத்த நிற வரிசையில அடுத்த நிறத்தைக் கட்டணும்.

நல்லாவே ஓடுச்சு. அப்பா அரை மனசா மதுரைக்குக் கிளம்பினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஊர்ல இருந்து ட்ரங்க் கால். ஆடிக்காத்து அத்தனை கொடியையும் பிச்சுட்டுப் போயிருச்சாம். ஆளாளுக்குக் கைக்கு வந்ததைக் கட்டியிருக்காங்க. (ஒருத்தர் தனக்குப் பச்சைதான் ராசின்னு!) ஒரே நேரத்துல மூணு பேருக்கு முறை!

அப்பா சட்டையை மாட்டிட்டார்.

"எந்த நிறத்துல ஆரம்பிச்சாலும், விதியை விடாம பாத்தா ஒத்தை முறைக்கு வந்துரும்ப்பா. நிரூபணம் இருக்கு."

வாய்தான் பேசுச்சு. அங்க ஒரு மண்டை உடைஞ்சாலும் அப்பா பாதி ராத்திரியில எழுந்து போயிருவார்.

எப்படியோ படுக்க வச்சோம். ஆபரேஷன் முடிஞ்சு, முதல் அளத்து அண்ணாச்சி பாக்க வந்தார்.

"மொதல்ல ஒரே சலம்பல்தான். பொறவு பாத்தா, ஒரு ஆளுக்குத்தான் முறை வருது. யாரு சரி பண்ணுனான்னே தெரியல."

யாருமே பண்ணல, அண்ணாச்சி! அதுதான் விஷயமே! எனக்கு அந்த வார்டுலயே ஆடணும் போல இருந்துச்சு.

முறை சொல்ல எப்போ திரும்பி வாரீருன்னு அப்பாகிட்ட கேட்டார் அண்ணாச்சி.

"எதுக்கு? எம்மவதான் என்னைய வேலைய விட்டே தூக்கிட்டாளே."

ஊசி போட வந்த நர்ஸ்ல இருந்து பக்கத்து பெட்காரர் வரைக்கும், அன்னைக்குப் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

அப்பாவை வேலையை விட்டுத் தூக்கி, அவர் வாயாலேயே அதுக்குப் பெருமை வாங்கினவங்க வேற யாராவது இருக்கீங்களா?